மந்திரி கடித்த இடம்

அன்பு மகள் சாயோரிக்கு அம்மா எழுதுவது. உட்கார முடியவில்லை என்பதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, அப்பாவும் சுகம், சப்போரோ பனியில் நீயும் தொமொஹிரோவும் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும். இதை அடுப்பு மேடைமேல் வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

நீ போன பிறகு நம் கோட்டை அகழிக்கு ஓர் அன்னம் வந்து சேர்ந்தது. பாலத்தை மறித்துக்கொண்டு கழுத்தை நிமிர்த்தி நிற்பதால் ஊரார் அதற்கு மந்திரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். சாமுராய் வம்சத்தாரை மட்டும்தான் அது கடிக்கும் என்று ஒரு பேச்சு. கிளப்பியது வேறு யாருமில்லை, தொமொஹிரோவின் அப்பா, உன் வருங்கால மாமனார் குவயாமாதான். அவரைக் கடித்திருக்கிறது, தழும்பு தெரிய இந்தக் குளிரிலும் கால்சட்டையைச் சுருட்டிவிட்டு நடக்கிறார். அவர் இருக்கும், பழைய சாமுராய் வீடுகள் நிறைந்த வெள்ளைச் சுவர்த் தெருவில் கடிபடாதவர்கள் பகலில் வெளியே வருவதே இல்லை.

அப்பாவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. சம்பந்தம் பேசக் குவயாமா வீட்டார் கோட்டைக்குள் இருக்கும் தேநீர் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்கள், பாலம் தாண்டாமல் போக முடியாது. "அவர் எதிர்ல அது என்னைக் கண்டுக்காம விட்டுச்சுன்னா, டோஃபு விக்கிறவன் வீட்ல பொண்ணு எடுக்கணுமான்னு கலைச்சிடுவாங்கடி" என்று புலம்பினார். ஒத்திகைக்காக விடிந்ததும் அகழிக்குப் போய் முதுகைக் காட்டி நின்றார், விசிறியால் சீண்டினார், திருவிழாக் கவசத்தை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டும் நின்று பார்த்தார். மந்திரி அவர் கையில் சோயா வாசனையை முகர்ந்துவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு கடை வரைக்கும் பின்னாலேயே வந்துவிட்டது. மீன்கடைக்காரர், "என்னண்ணே, மந்திரியையே கடைக்கு ஆளா வச்சிட்டீங்களா" என்று கேட்க, அப்பா அன்று சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குவயாமா முன்னால் போக, நடுவில் அப்பா, கடைசியில் இனிப்புப் பெட்டியோடு நான். மந்திரி கரையேறி வந்து குவயாமாவை விட்டது, அப்பாவிடம் கொஞ்சியது, நேராக வந்து என்னைக் கடித்தது. எங்கே என்று எழுத மாட்டேன். மத்தி மீன் விற்ற வீட்டுப் பெண் நான். குவயாமா பாலத்திலேயே மண்டியிட்டு, "சம்பந்தியம்மா, உங்க முன்னோர் எந்தப் படையில இருந்தாங்க" என்று கேட்டார். வலியில் எனக்குப் பேச்சு வரவில்லை, அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். வசந்தத்தில் கல்யாணம் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

அப்பாதான் அன்றிலிருந்து என்னை 'நீங்க' என்கிறார். கடைத்தெருவில் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கிறார். நேற்றுக் காலை அகழியிலிருந்து கெண்டைக்காலில் கட்டோடு நொண்டி வந்தார், வெள்ளைச் சுவர்த் தெரு வழியாகச் சுற்றித்தான் வந்தாராம், குவயாமா வாசலுக்கு வந்து குனிந்து வணங்கினாராம். கட்டை அவிழ்த்து வாங்கித் துவைத்தேன், ஒரு பொட்டு ரத்தமில்லை. இன்று கட்டு இன்னொரு காலில் இருக்கிறது. முகத்தில் அப்படி ஒரு களை. என்னை மறுபடியும் 'ஏண்டி' என்று கூப்பிட்டார்.

நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக நெடுங்காலம் நன்றாக இருங்கள். கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள். அப்பாவுக்குத் தனியாக நாலு வரி எழுதி, வலி எப்படியிருக்கிறது என்று மறக்காமல் கேள். எந்தக் கால் என்று மட்டும் கேட்டுவிடாதே.

என்றும் உன் நினைவாக,
அம்மா இசோனோ