கல்லீரலை விட்டுவிட்டேன்

14 நவம்பர் 2003, வெள்ளி

அம்மாவின் கணையத்தில் இருப்பது மெதுவாக வளரும் வகைக் கட்டி என்றார் டாக்டர். ஆனால் ஸ்கேனில் கல்லீரலிலும் புள்ளிகள் தெரிவதால் இது நான்காம் நிலையாம். சிலர் பல வருஷம் இருக்கிறார்கள், இவருக்கு எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாதாம். எல்லாவற்றையும் வங்காள மொழியில் என்னிடம்தான் சொன்னார்.

அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். லேக் மார்க்கெட்டில் இன்னும் விரலைக் காட்டித்தான் காய் வாங்குவாள். அந்த மொழி அவளுக்குப் புரியாது என்ற தைரியத்தில், "மெதுவா வளர்ற வகைதானாம்மா, மருந்து இருக்காம்" என்று மட்டும் தமிழில் சொன்னேன். தலையாட்டினாள்.

திரும்பும்போது டாக்ஸியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "லிவர்ல பரவியிருக்குன்னாரே, அதை அப்பாகிட்ட சொல்லிடாதே. தாங்கமாட்டார்."

அத்தனையும் புரிந்துதான் தலையாட்டியிருக்கிறாள்.

சாயங்காலம் கார்டன் ரீச் ஆபீஸிலிருந்து வந்த அப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "டாக்டர் என்ன சொன்னார்?"

"மெதுவா வளர்ற வகைதானாம், மருந்து இருக்காம்" என்றாள் அம்மா. நான் சொன்ன அதே வார்த்தைகள்.

அப்பா என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன்.

நள்ளிரவு தாண்டியும் அப்பா அறையில் இன்னும் விளக்கு எரிகிறது.