தலையணை உறைக்குள் சருகு

மயிலாப்பூர்,
12.7.1996

அன்புள்ள அப்பாவுக்கு,

கனகவல்லி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

விடுதிக்குப் பின்னால் ஆளுக்கொரு பாத்தியில் வெண்டை வளர்க்கிறோம். பூமி சூடாகி மழை தவறுகிறது, சருகால் மண்ணை மூடினால் ஈரம் நிற்கும் என்று ரேவதி டீச்சர் சொல்லித் தந்தார். மூடினேன். வார்டன் அதைக் குப்பை என்று பெருக்கிக் கொளுத்தச் சொன்னார். மறுபடி மூடினேன்.

"இன்னாம்மா, நான் பெருக்கிக்கினே கீறேன், நீ கொட்டிக்கினே கீற!" என்று பொன்மணி ஆயா சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது. டீச்சரோ, "வார்டன்கிட்ட நீயே பேசிக்கோ" என்கிறார். எனக்குப் பயம். மாதக் கடைசிக்குள் செடி தேறாவிட்டால் பாத்தியை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆயா வரமாட்டார். அன்று போடத் தலையணை உறையில் சருகு அடைத்துக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். அது போதாது. இன்னும் சருகு அடைத்து வைக்கப் பழைய சாக்கு இரண்டு வேண்டும். வார்டன் கேட்டால் துணிமணி என்று சொல்லுங்கள்.

யாரோ வருகிறார்கள், டார்ச்சை அணைக்கிறேன். சாக்கை மாமாவிடம் கொடுத்தனுப்ப வேண்டாம் அப்பா. நீங்களே கொண்டு வாருங்கள்.

கனகு