ஒழுங்கை விளக்கும் சோடியப் பட்டையும்

பெப். 18, சனி

காற்று. வானம் கழுவி விட்டதுபோல் சுத்தம். ஆனாலும் நேற்றிரவு எடுத்த தரவு முழுக்கக் குப்பை.

காரணம் எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னச் சந்தில், நிற்கும் தெருவிளக்கு. போன மாதம் வந்த மஞ்சள் சோடியம் விளக்கு. எங்கள் வளவில் வைத்திருக்கும் லைடாரில் (லேசரை அனுப்பித் திரும்பி வரும் வெளிச்சத்தை அளக்கும் மெஷின்) நாங்கள் மேலே அனுப்பும் லேசரும் அதே மஞ்சள். தொண்ணூறு கிலோமீற்றர் உயரத்தில் எரிகற்கள் விட்டுப்போன சோடியத்தில் பட்டுத் திரும்பி வருவது ஒரு சொட்டு வெளிச்சம். விளக்கு ஊற்றுவது ஒரு வாளி. சொட்டு எங்கே தெரியும்?

அந்த விளக்குக்கு மனு எழுதிக் கொடுத்தவளே நான். சிரிப்பதா அழுவதா.

கொழும்பிலிருந்து என் ஆய்வைப் பார்க்கும் சேர், போனில்: "ஒரு திடீர்ப் பட்டையாவது பிடிக்காட்டி மெஷின் மாச முடிவில வேற நாட்டுக்குப் போயிரும்." சோடியப் படலம் எப்போதும் இருக்கிறது. சில இரவுகளில் அதற்குள் ஒரு மெல்லிய பட்டை திடீரென்று தடித்து எழும், ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் காணாமல் போகும். என் பட்டம் அதில்தான் தொங்குகிறது. நாலு வருட உழைப்பு.

வாங்க: லென்ஸ் துணி, நுளம்புச்சுருள், உம்மாவின் பிரஷர் குளிசை.

பெப். 19, ஞாயிறு

அடுத்த வீட்டு ஹனிபா மாமாவிடம் போனேன். விளக்கின் சுவிட்ச் தூணிலேயே இருக்கிறது. மஃரிபுக்குப் போடுவதும் சுபஹுக்கு அணைப்பதும் அவர்தான். யாரும் கேட்கவில்லை, தானாக எடுத்துக்கொண்ட வேலை. நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் மனைவி மைமூன் மாமி பொரிந்து தள்ளினார்.

"மன்னாரிலேந்து எங்கள விரட்டி இஞ்ச வந்து இருவது வருஷமா, 'நீங்க மன்னாருக்குத் திரும்பிப் போற ஆக்கள்தானே' எண்டு சபைக்காரங்க சொல்லி ஒரு பல்பு போட்டுத் தரல்ல. இப்பதான் வந்திருக்கு. அதை நீ அணைக்கச் சொல்றியா?"

"சும்மா இரி," என்றார் மாமா. "புள்ள படிப்புக்குக் கேக்குது. எத்தின நாள் மகள்?"

"மூண்டு இரவு மாமா. பத்து மணியிலேந்து மூண்டு மணி வரைக்கும். மேகம் வந்து கெட்டுப் போனா இன்னொண்டு."

"சரி. வாக்கு."

மேலே என்னதான் தேடுகிறாய் என்று கேட்டார். சோடியம், உப்பில் இருப்பது என்றேன். "புத்தளத்து உப்பளம் காணாதெண்டா வானத்திலயும் தேடுறீங்க?" இருமல் வரும்வரை சிரித்தார்.

பெப். 20, திங்கள்

நேற்றிரவு விளக்கு சரியாகப் பத்துக்கு அணைந்தது. மேகம் பத்தரைக்கு வந்தது. சனியன். பிளேன்டீ நாலு. லேசரைப் பார்த்துக்கொள்ளும் நுவன் ஐயா (சிலாபம், சிங்களவர், தமிழ் அரைகுறை) கதிரையில் குறட்டை. தரவு: பூச்சியம்.

பெப். 21, செவ்வாய்

நேற்று நல்ல இரவு. படலம் 82 முதல் 103 கி.மீ. வரை, கோடு போட்டதுபோல். பட்டை இல்லை.

ஒழுங்கையில் பெண்கள் டோர்ச் பிடித்து நடக்கிறார்களாம், மைமூன் மாமி என்னைத் திட்டுகிறாராம். உம்மா சொன்னார். திட்டட்டும். இன்னும் இரண்டு இரவு, மேகத்தில் கெட்டதற்குப் பதிலானதும் சேர்த்து.

பெப். 22, புதன், பகல்

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

12.40: 95 கி.மீ.யில் பட்டை. நுவன் ஐயா கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

1.00: சுற்றியுள்ளதைவிட ஏழு மடங்கு. சந்தோஷம்.

1.10: பின்னணி ஏறத் தொடங்கியது. அந்த விளக்கு முழு வெளிச்சத்துக்கு வர ஐந்து நிமிடம் எடுக்கும். திரையில் அது ஏற ஏறப் பட்டை மூழ்கியது.

ஓடினேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினேன்: "மூண்டு மணி வரைக்கும் எண்டு சொன்னதானே! கொஞ்சமும் அறிவில்லையா? அணைங்க!"

உடனே அணைந்தது. என்ன ஏது என்று எட்டிப் பார்க்கவும் இல்லை நான். திரும்பி ஓடினேன். 2.25 வரை பட்டை. இப்படி ஒன்றை என் வாழ்நாளில் கண்டதில்லை.

விடிந்ததும் உம்மா சொன்னார். ஒரு மணிக்கு ஹனிபா மாமாவுக்கு நெஞ்சு வலி. கூப்பிட்ட திரீவீல் ஓட்டோ வீடு தேடி வரட்டும் என்று மாமி விளக்கைப் போட்டிருக்கிறார். நான் கத்தியதும் மாமியே அணைத்திருக்கிறார். அவர்கள் மகன் மறுபடி போட்டுப் பார்த்தாராம், எரியவில்லை, பழுது என்று விட்டுவிட்டாராம். எரியாது. சூடான சோடியம் விளக்கு ஆறாமல் எரியாது. அது எனக்குத் தெரியும். அவர்களுக்கு எப்படித் தெரியும்? திரீவீல்காரன் இருட்டில் அடுத்த ஒழுங்கைக்குள் போய்விட்டான். போன் வெளிச்சத்தில் மாமாவைத் தூக்கிக்கொண்டு றோட்டுக்குப் போனார்களாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மவுத்.

கால் மணித்தியாலம் பிந்தியது என்கிறார் உம்மா. முந்தியிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க ஏலாது என்று டாக்டர் சொன்னாராம். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

சேர்: "வாழ்த்துக்கள்! 1.10க்குப் பிறகு ஆறு நிமிஷம் தரவு இல்லையே, காரணம் எழுதி அனுப்புங்க."

வெளி விளக்கு என்று எழுதி அனுப்பினேன்.

பெப். 23, வியாழன்

ஜனாஸா அடக்கம் நேற்றுப் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு. நேற்றிரவு மையித்து வீட்டில் பெண்களோடு இருந்தேன்.

"தெரியாமக் கத்திட்டன் மாமி."

"கத்தினாய்தான். நானும் பயந்துபோய் அணைச்சிட்டன்." நான் அழ, அவர்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பத்து மணிக்கு மகன் எழும்பிப் போய் ஒழுங்கை விளக்கை அணைத்தார். இவ்வளவு சனம் வந்து போகிற நேரம் ஏன் என்று யாரோ கேட்டார்கள்.

"மேகம் வந்தா இன்னொரு நாள் தாறன் எண்டு இவளுக்கு அவர் வாக்குக் குடுத்தவர்," என்றார் மாமி. "அது இண்டைக்குத்தான்."

எழும்பித் தூணடிக்குப் போனேன். சுவிட்சைப் போட்டேன். எரியவில்லை. ஆறும்வரை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மெல்ல எரிந்தது.

போன். நுவன் ஐயா: "மிஸ், யாரோ லைட் போட்டிருக்கு. வானம் நல்லம். போய் அணைக்கச் சொல்லுங்க."

"நான்தான் போட்டன்," என்றேன். "மெஷினை நிப்பாட்டுங்க."