பெரியப்பா நிமிர்ந்து பார்த்த முத்தம்

நாரின்,
மார்ச் மாதம்.

அன்பு மகள் நூர்ஸாத்துக்கு அம்மா புருலாய் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஆடுமாடுகளும் சுகம், இஸ்தான்புல்லில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். பனி இன்னும் விடவில்லை, சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, அப்பாவுக்கு முட்டிவலி, டாக்டரிடம் போகலாம் என்றால் மட்டும் வலி பறந்துவிடுகிறது. அதெல்லாம் கிடக்கட்டும். ஜெயித்துவிட்டோமடி! நூரூஸ் புத்தாண்டுப் பண்டிகையன்று நீ எடுத்த படம் நம் ஊர் மன்றத்தில் ஓடப்போகிறது.

அது லேசில் நடக்கவில்லை. எதிர்வீட்டு அஸில்கான் இருக்கிறாளே, போனில் உன் படத்தின் முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டு, "மாமனாரும் மருமகளும் ஒண்ணா உக்காந்து பாக்குற படமா இது?" என்று சந்தை முழுக்கக் கேட்டுவிட்டாள். நம் ஊரில் அதற்கு மேல் ஒரு கேள்வி உண்டா? மன்றத்துக்காரர் பயந்துபோய், பெரியவர்கள் பார்த்துச் சரி என்றால்தான் போடுவேன் என்றுவிட்டார். பெரியவர்களுக்குத் தலைவர் உன் பெரியப்பா. ஊரில் படம் ஓடாமல் வீட்டுவாசலை மிதிக்க மாட்டேன் என்று நீ வேறு சொல்லியிருந்தாய், எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

நேற்று மன்றத்தில் பெரியவர்களையும் மருமகள்கள் எங்களையும் உட்காரவைத்துப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். மருமகள்கள் பெரியவர்களுக்கு முதுகு காட்டக் கூடாதே, அதனால் பெரியவர்கள் முன்வரிசை, நாங்கள் பின்வரிசை. படம் ஓடுகிறது, ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. மருமகள்கள் எதிரில் சிரித்தால் பெரியவர்கள் மதிப்பு என்ன ஆவது, அவர்கள் இருக்கும்போது நாங்கள் எப்படிச் சிரிப்பது? முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அந்த மேய்ச்சல் மலைக் காட்சி. லாரி ஓட்டுகிற பெண்ணும் மாட்டு டாக்டர் பையனும் கூடாரத்துக்குப் பின்னால் முகத்தோடு முகம் நெருங்கினார்களா, முன்வரிசையில் வெள்ளைக் கல்பாக் தொப்பிகள் எல்லாம் ஒரே சமயத்தில் குனிந்துவிட்டன. ஒருவர் பூட்ஸைப் பார்க்கிறார், ஒருவர் தாடியைக் கோதுகிறார். அந்த நேரம் பார்த்துக் கிடா ஒன்று நடுவில் தலையை நுழைக்க, பையன் கண்ணை மூடிக்கொண்டு அதற்கு முத்தம் கொடுத்தானே, என்னால் அடக்க முடியவில்லையடி, வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து பெரியப்பா முன்னால் நான் குரலை உயர்த்தியதில்லை. என் மகள் படத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

பெரியப்பா திரும்பாமலே, "யாரு, புருலாயா? எதுக்கும்மா சிரிச்ச? அங்க என்ன நடந்துச்சு?" என்றார். புருஷனுக்கு அண்ணனிடம் முத்தத்தை எப்படி விளக்குவது? "நீங்களே பாத்துக்குங்க" என்று முனகினேன். பெரியப்பா பக்கத்துக் கிழவர்களிடம், "நாமதான் குனிஞ்சிட்டோமே. பாக்காம எப்படிய்யா தீர்ப்புச் சொல்றது? திரும்பப் போடுங்க" என்றார். மறுபடியும் குனியப் போன கிழவர்களை, "நிமிருங்கய்யா, இது விசாரணை" என்று ஒரு அதட்டல் போட்டார். கிடா தலையை நுழைத்தது. பெரியப்பாவின் தோள் குலுங்கியது, தொப்பி கழன்று விழுந்தது, பக்கத்துக் கிழவர் அவர் தொடையில் ஓங்கி அடித்து அடித்துச் சிரித்தார். அதற்கப்புறம் எங்களை யார் அடக்குவது? கூரைப் பனி சரிந்து விழுகிற மாதிரி சிரித்தோம். அஸில்கான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நம்ம நூர்ஸாத் சின்னதுலயே கெட்டிக்காரி" என்றாள், கொஞ்சமும் வெட்கமில்லாமல். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

விளக்குப் போட்டதும் பெரியப்பா எழுந்து, "குடும்பத்தோட பாக்கலாம். மாமனாருங்க யாரும் குனியக் கூடாது, அவ்வளவுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, "எல்லாம் சரி, படம் எடுத்த பொண்ணு எங்க?" என்று கேட்டார். அப்பா மூக்கை உறிஞ்சினார்.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், கண்ணே, வழியில் எந்தக் குறையும் அண்டாமல் இருக்கட்டும். இங்கே காற்று ஊசியாய்க் குத்துகிறது, தடிமனான கோட்டாகப் போட்டுக்கொண்டு வா. பின்வரிசை எங்களைப் போல வாழ வந்தவர்களுக்குத்தானாம், வீட்டில் பிறந்தவளுக்கு இல்லையாம். முன்வரிசையில் தன் பக்கத்து நாற்காலி உனக்கு என்று பெரியப்பா எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டார்.

உன் வரவுக்காக வாசலைப் பார்த்திருக்கும்
அம்மா புருலாய்