முதல் பக்கத்தில் குனிந்த முகம்

1986 மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பெற்றோல் ஷெட்டில் காலை ஷிப்ட். சப்பாத்து நனைந்து நாறுகிறது. வேறு வாங்க வேண்டும்.

தங்கராசா அண்ணை (இனி த.அ., முழுப்பெயரும் எழுதக் கை உளைகிறது) ஷெட்டுக்கே போன் எடுத்துவிட்டார். மனேஜர் முறைத்தான். லண்டனின் தென்கோடியில், சட்டனில் தன் வீட்டுக் கராஜில் வைத்து அவர் நடத்தும் தமிழ் வாரப் பத்திரிகைக்கு இந்தக் கிழமையும் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு போட்டோ வரவில்லையாம்.

"முன்பக்கம் வெறிச்செண்டு கிடக்குது ஐசே. இயக்கப் பெடியள் இரவில சென்ரி, காவல் இருக்கிற மாதிரி ஒரு படம் கீறித் தாரும். வியாழன் அச்சு."

"நான் அதுகளைக் கண்ணால கண்டனானோ அண்ணை?"

"கண்டாத்தான் கீறலாமோ? உம்மட அமெரிக்கன் எல்லாத்தையும் கண்டோ கீறினவன்?"

என் அமெரிக்கன்! இந்த மனிசனிடம் அவனைப் பற்றி வாயைத் திறந்தது என் விசர்த்தனம். அவனை நான் கண்டது நூலகத்தில் இருக்கும் பெரிய புத்தகம் ஒன்றில், அதை வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். போன நூற்றாண்டில் அவர்களின் உள்நாட்டுச் சண்டை நடந்தபோது ஒரு வாரச் செய்திப் பத்திரிகைக்கு அவன் கீறிக் கொடுத்த படங்கள். மரக்கட்டையில் அவன் கீற, வேறு ஆட்கள் கட்டையைத் துண்டு துண்டாகப் பிரித்துச் செதுக்கி, திரும்பப் பூட்டி அச்சடிப்பார்களாம். உற்றுப் பார்த்தால் பூட்டின இடம் வானத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. களத்துக்குச் சில தடவை போய்வந்திருக்கிறான். மிச்சம் எல்லாம் நகரத்தில் அறைக்குள் இருந்து கீறினது.

நானும் மனோர் பார்க்கில் அறைக்குள்தான் இருக்கிறேன். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 5, புதன்

மழை இல்லை. குளிர்.

வாங்க: பால், வெங்காயம், கறுப்பு மை, போன் பில் கட்ட.

காலையில் நூலகம். அமெரிக்கனிடம் எனக்குப் பிடித்தது, அவன் சண்டையை அதிகம் கீறவில்லை. சண்டைக்குக் காத்திருப்பதைக் கீறினான். தீயைச் சுற்றி இருப்பவர்கள், சப்பாத்தைக் கழற்றிப் பார்ப்பவன், கடிதம் வாசிப்பவன். புகையை வெறும் தாளாகவே விட்டிருக்கிறான், ஒரு கோடும் இல்லை. கள்ளன். ஒரே தாடிக்காரன் மூன்று நான்கு படங்களில் வருகிறான். தீக்கரையில் அவன், ஆஸ்பத்திரியில் அவன், கூத்தாடும் இடத்திலும் அவனேதான். அறைக்குள் கிடைத்த சிநேகிதனைப் பிடித்து இருத்திவைத்துக் கீறியிருப்பான். நூலகத்தில் தனியே சிரித்தேன். பக்கத்துக் கிழவி திரும்பிப் பார்த்தாள்.

பிறகு குசினி மேசையில் இருந்து கீறினேன். தீயைச் சுற்றி ஐந்து பெடியன்கள். உடம்புகள் வந்துவிட்டன. முகங்கள் வரவில்லை. எல்லாம் முட்டைக்குக் கண் வைத்த மாதிரி. ஆளைப் பாராமல் எனக்கு முகம் வராது, பள்ளிக்கூடத்திலும் இதே வருத்தம்தான். எனக்கு இருத்திவைக்க இங்கே ஆர்? மனிசி ராஜி பக்டரியில். கடைசியில் எங்கள் கலியாண அல்பத்தை எடுத்தேன். என் பக்கத்து ஆட்களில் ஒருவனின் மூக்கு, இன்னொருவனின் தாடை. மாற்றி மாற்றிப் போட்டேன்.

ஒன்றை மட்டும் மாற்றவில்லை. ராஜியின் தம்பி குகன் எனக்குக் கால் கழுவிவிடுகிற போட்டோ. செம்புத் தண்ணியோடு குனிந்து, எங்கே பிழை விட்டுவிடுவேனோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டு. கிரிக்கெட் பந்து பட்டுப் பிளந்த புருவம். தீக்குப் பக்கத்தில் குனிந்து இருப்பவனுக்கு அதைவிட நல்ல முகம் கிடைக்காது. அப்படியே போட்டேன். அவ்வளவு நன்றாக வந்தது. சந்தோஷத்தில் இரண்டு தேத்தண்ணி குடித்தேன்.

மார்ச் 6, வியாழன்

லீவு. படத்தோடு சட்டன். குரோய்டனில் இறங்கி மாறும்போது விசா, அகதி விண்ணப்பம் பார்க்கிற கந்தோருக்கு வெளியே எங்கள் சனம் வரிசையில், ஒவ்வொருவர் கையிலும் பிளாஸ்டிக் பையில் பேப்பர்கள். தலையைக் குனிந்துகொண்டு கடந்தேன்.

த.அ. படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"சோக்காய் இருக்கு. ஆனால் துவக்கு எங்கை? பிக்னிக் வந்தவங்கள் மாதிரி எல்லோ இருக்கிறாங்கள்."

"காத்திருக்கிறாங்கள் அண்ணை. அதுதான் படம்."

"காத்திருக்கட்டும். துவக்கோட காத்திருக்கட்டும்."

கராஜ் மேசையிலேயே கீறினேன். குனிந்தவனின் கைதான் வசதியாக இருந்தது. செம்பு பிடித்த கை. அதில் துவக்கு, குழல் மேல்நோக்கி. கீழே த.அ. தன் கையால் எழுதினார்: 'விழித்திருக்கும் எங்கள் பிள்ளைகள்'. பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

பின்னேரம்.

ராஜி வேலையால் வந்தாள். பென்சிலில் போட்டுப் பார்த்த தாளும் அல்பமும் குசினி மேசையில் கிடந்தன. குளிர்க் கோட்டைக் கூட அவள் கழற்றவில்லை.

"இது ஆர்?"

"சும்மா ஒரு பெடியன்."

"சும்மா பெடியனோ? என்ர தம்பியின்ர புருவத்தைக் கூட நீங்கள் விடேல்ல."

"ராஜி, இது படம்."

"அவன் கொழும்பில கிடக்கிறான். தெரியுமெல்லோ? லொட்ஜில பொலிஸ் வந்து ஒவ்வொரு பெடியனாய் எழுப்பி ஊர் பேர் கேக்கிறாங்கள். ஒரு பேப்பர், ஒரே ஒரு பேப்பர் அங்க போனாக் காணும். வந்து அள்ளிக்கொண்டு போவாங்கள். உங்கட படத்துக்கு வேற முகம் கிடைக்கேல்லையோ?"

குகன் விசா இன்டர்வியூ கடிதத்துக்காகக் காத்திருக்கிறான். வயது இருபது. அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். எனக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். நேற்று மேசையில் ஒரு நிமிஷம்கூட நினைவு வரவில்லை. கோடு நன்றாக வந்தால் எனக்குக் கண் தெரியாது.

சட்டனுக்குப் போன். த.அ. சந்தோஷமாக: "அடிச்சு முடிஞ்சுது தம்பி! மை காயுது!"

மார்ச் 7, வெள்ளி

ஷெட்டுக்குச் சுகமில்லை என்று பொய். இருவரும் சட்டன்.

கராஜ் நிறையக் கட்டுக் கட்டாகப் பத்திரிகை. எல்லாவற்றிலும் குகன்.

த.அ. முதலில் சிரித்தார். "பிள்ளை, ஆருக்குத் தெரியப்போகுது? கறுப்புக் கோட்டில ஒரு முகம்."

"எனக்குத் தெரிஞ்சுது," என்றாள் ராஜி.

"நீர் அக்கா."

"அப்ப எங்கட அம்மாவுக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்கும் தெரியும். அண்ணை, நான் உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், இதை எரியுங்கோ."

அவள் ஆரிடமும் அப்படிக் கேட்டு நான் காணவில்லை. த.அ. கதிரையில் இருந்துவிட்டார். எரிக்க ஏலாது என்றார். பிறகு அவரே மார்க்கர் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். குனிந்தவனின் முகத்தை மட்டும் கறுப்பாக்குவோம், பின்னேரம் கோயிலடியில் கொடுக்கக் கொண்டுபோக முதல் முடித்துவிடலாம் என்றார்.

மூன்று பேரும் இருந்து பூசினோம். நான் கீறின முகத்தை நானே. புருவம், உதடு, காது. மார்க்கர் மணத்தில் தலையிடி. ராஜி ஒவ்வொன்றையும் பூசிவிட்டு ஒருதரம் திருப்பிப் பார்த்தாள்.

பின்னேரம் கோயில். வெள்ளிக்கிழமைச் சனம். வாசலில் த.அ. பத்திரிகையை நீட்ட, வாங்கின ஒவ்வொருவரும் கேட்ட முதல் கேள்வி:

"இதென்ன, ஒருத்தற்ர முகத்தை மட்டும் அழிச்சிருக்கு?"

"ஆரோ முக்கியமான ஆள் போல."

"இங்க ஆரின்ரையோ சொந்தக்காரனாய் இருக்கும், அதுதான் மறைச்சிருக்கிறாங்கள்."

ஐயோ! பூசாமல் விட்டிருந்தால் மடித்து, வீட்டில் மரக்கறி சுற்றியிருப்பார்கள். இப்போது அந்தக் கறுப்பு வட்டத்தை விட்டு ஒருவரும் கண்ணை எடுக்கவில்லை. பரமேஸ் அக்கா, ராஜிக்குத் தூரத்துச் சொந்தம், எங்கள் கலியாணத்தில் முன்வரிசையில் இருந்தவர், தாளை லைட்டுக்கு நேரே பிடித்தார். மார்க்கருக்குக் கீழே அச்சு மை பளபளத்து, பிளந்த புருவம் தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். ராஜியிடம் வந்து கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது.

"எப்ப பிள்ளை இயக்கத்துக்குப் போனவன்? ஒரு சொல்லு எங்களுக்குச் சொல்லேல்லையே."

"அக்கா, அவன் ஒரு இடமும் போகேல்ல. கொழும்பில நிக்கிறான்."

"ஓம் ஓம். அப்பிடித்தான் சொல்ல வேணும். நீர் பயப்படாதையும், நான் ஒருத்தருக்கும் மூச்சு விடமாட்டன்."

அவரின் தங்கச்சி கொழும்பில்தான். கிழமைக்கு ஒருக்கால் போன் கதைப்பார்கள்.

மார்ச் 8, சனி

வெயில். எரிச்சலாக இருந்தது வெயிலைப் பார்க்க.

வீட்டில் இருக்க ஏலாமல் நூலகம். அமெரிக்கன் முகங்களை எப்படி மறைத்தான் என்று பார்க்கப் போனேன். தொப்பி நிழல், புகை, திரும்பின முதுகு. எவ்வளவு சுலபம்! ஒரு தொப்பி போட்டிருந்தால் போதும். அந்த நாட்டுத் தாய்மாரும் பத்திரிகை வந்ததும் விளக்கடியில் வைத்துத் தங்கள் பிள்ளையைத் தேடியிருப்பார்கள். தாடிக்காரனைத் தங்கள் பிள்ளை என்று எத்தனை பேர் நினைத்தார்களோ. புதனன்று சிரித்தேனே, அவனுடைய தாடிக்காரனால் ஒருவனுக்கும் ஆபத்து வந்திருக்காது.

ராஜி பரமேஸ் அக்கா வீட்டுக்குப் போய், ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று திரும்பவும் கெஞ்சிவிட்டு வந்தாள். நான் போக வேண்டாம் என்றுதான் சொன்னேன். கெஞ்சக் கெஞ்ச அவர் குகன் இயக்கத்தில்தான் என்று இன்னும் நம்புவார்.

சோறு அப்படியே கிடக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

மத்தியானம் போன். குகன். ஏதோ கடையிலிருந்து, பின்னால் பஸ் சத்தம். ராஜி ரிசீவரைச் சரித்துப் பிடிக்க, நானும் காதை வைத்தேன்.

"அக்கா, லொட்ஜ் முதலாளி அறையை விடச் சொல்லிப்போட்டார். நான் இயக்கமாம். லண்டனில இருந்து ஆரோ சொன்னவையாம். ஆர் அக்கா அப்பிடிச் சொன்னது?"

ராஜி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இப்ப எங்கையடா நிக்கிறாய்?"

"ரோட்டில. உடுப்புப் பாக்கோட. இன்டர்வியூ கடிதம் லொட்ஜ் விலாசத்துக்கு எல்லோ வரும். அத்தான் நிக்கிறாரோ? அத்தானுக்குப் பேப்பர்க்காரரைத் தெரியும்தானே. நான் அப்பிடி இல்லை எண்டு ஒருக்கால் போடச் சொல்லுங்கோ. வேணுமெண்டால் என்ர போட்டோ அனுப்பிறன்."

ராஜி ரிசீவரை என் கையில் வைத்தாள். கோபமாகக் கூட இல்லை. "நீங்களே சொல்லுங்கோ."

சொன்னேன். படத்தை, அல்பத்தை, துவக்கை, மார்க்கரை. என்னை மன்னிச்சுக்கொள் குகன் என்றேன். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"முன்பக்கத்திலயோ அத்தான்?"

"ஓம்."

"நல்லாய் வந்திருக்கோ?"

நான் பதில் சொல்ல முதல், "பின்னேரம் எடுக்கிறன்" என்றான், லைன் அறுந்தது.

மார்ச் 11, செவ்வாய்

போன் இல்லை. நேற்றும் இல்லை. ராஜி வேலைக்குப் போகவில்லை, போனடியில் கதிரையைப் போட்டு இருக்கிறாள். இருந்திருந்து ரிசீவரைத் தூக்கிச் சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு வைக்கிறாள். லொட்ஜுக்கு எடுத்தோம். அப்படி ஒருவரும் இங்கே இருக்கவில்லை என்றார்கள்.

இப்போது மணி அடித்தது. இருவரும் பாய்ந்தோம். த.அ.தான். படத்தைப் பற்றி எல்லா இடமும் கதையாம், அடுத்த கிழமைக்கும் ஒன்று வேண்டுமாம்.

"லைனை விடுங்கோ அண்ணை," என்றேன். "பெடியன் எடுப்பான்."