காப்பு கட்டிய வாரம்

அன்பு மகள் சரண்யாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம் என்று எழுதக் கை வரவில்லை, நீ நன்றாக இருக்கிறாய் என்பதை வைத்து நாங்கள் சமாளித்துக்கொள்கிறோம். போபாலில் குளிர் விட்டதா? தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு ஆபீசுக்கு ஓடாதே. வீட்டில் போனில் பேசினால் அப்பா காதில் விழும், இந்த நேரத்தில் நீ ஆபீசில் இருப்பாய், அதனால்தான் டயாலிசிஸ் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

செவ்வாய், வியாழன், சனி என்று அந்த மூன்று நாளைச் சுற்றித்தான் நம் வீடு ஓடுகிறது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது, கல்யாணத்துக்குப் போவது, உன் சித்தி வருவதுகூட மற்ற நாளில்தான். அப்பாவுக்கு மாலை ஷிப்ட், முடிந்து கீழக்குயில்குடி வந்து சேர இரவாகிவிடும். இப்படி இருக்கும்போது போன ஞாயிறு அய்யனார் கோயிலுக்குப் போனவர் வலது கையில் மஞ்சள் காப்போடு வந்து நிற்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காப்பு கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை விளக்கு வைப்பதற்குள் ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அதைச் சாக்காக வைத்துச் செவ்வாய்க்கிழமை டயாலிசிஸுக்குப் போகவில்லை. சாக்கு என்று எழுதிவிட்டேன், அது சரியா என்று தெரியவில்லை. நோய் வந்தபிறகு யாரும் அவரை எதற்கும் கூப்பிடுவதில்லை, இந்த வருஷம் பங்காளிகள் கூப்பிட்டார்கள், கையை நீட்டிவிட்டார்.

நேற்று கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே இருந்தார். தண்ணீரையே அளந்து குடிக்க வேண்டியவரிடம், விரதக்காரர் என்று வருகிறவர்கள் எல்லாம் பானகத்தை நீட்டுகிறார்கள், வேண்டாம் என்று சொல்ல அவருக்குக் கூச்சம். ஷிப்ட் மாற்றக் கேட்டால் இடமில்லை, யாராவது விட்டுக்கொடுத்தால் பார்க்கலாம் என்றார்கள். மதிய ஷிப்டில் வரும் துளசிராம் அண்ணனிடம் மாலைக்கு மாறிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன், செல்லூரில் சாயப்பட்டறை வைத்திருக்கிறாரே அவர்தான். "காப்பு ஒங்க வீட்டுக்காரருக்கு, கண்ணு முழிக்கிறது நானாம்மா? சரி, என் கட்டில எடுத்துக்கங்க, தலகாணிய மட்டும் பத்திரமா வச்சிருங்க" என்று சிரித்தார்.

அப்பா அப்போதும் அசையவில்லை. பஸ் பிந்தினால் என்ன செய்வாய், ஊருக்கு ஒரு கெடுதல் என்றால் என்னைத்தானே சொல்வார்கள் என்றார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, "எல்லைக்குள்ளயே மூச்சுத் திணறிக் கெடக்குறதுக்கா காப்பு கட்டுனீக?" என்று கேட்டுவிட்டேன். கையிலிருந்த காப்பைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, "வெளக்கு வைக்கிறதுக்குள்ள கூட்டியாந்துருவியா?" என்றார். வந்துவிடலாம் என்றேன்.

இன்றைக்குப் பார்த்து முந்தின ஷிப்டில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் இறங்கிப்போய், அப்பாவை மெஷினில் போடவே பிந்திவிட்டது. முழு நேரமும் ஓடினால் பொழுது சாய்ந்துவிடும். கொஞ்சம் முன்னாடியே ஊசியை எடுத்துவிடும்படி நர்ஸிடம் சொல்லச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார், நானும் தலையாட்டினேன். நூலகத்தில் எடுத்த நாவல் மடியில் கிடக்கிறது, ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுந்து கண்ணாடிக் கதவு வழியாகப் பார்க்கிறேன், உட்காருகிறேன், மறுபடி எழுகிறேன். இடது கையில் குழாய்கள், காப்பு கட்டிய கை நெஞ்சின் மேல். வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்குகிறார். அவர் மல்லாந்து படுத்துத் தூங்கி நான் பார்த்து நாளாகிறது. நர்ஸ் இரண்டு தடவை என்னைக் கடந்து போய்விட்டாள். நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை.

இது உன் கைக்கு வரும்போது திருவிழா முடிந்திருக்கும். காப்பைப் பற்றி அப்பாவிடம் சண்டை போடாதே, ஊரில் கூட்டம் எப்படி என்று மட்டும் கேள், அவர் சொல்லட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. அய்யனார் உனக்கும் அப்பாவுக்கும் துணையிருக்கட்டும், கோபம் ஏதும் இருந்தால் அது என்னோடு போகட்டும்.

உன் அம்மா,
முனீஸ்வரி