சாக்குக்குக் கீழே அப்பாவின் சூட்டுக்குறி

என் அன்பான அக்காவுக்கு,

"கடன் தாறமெண்டு ஆரும் படலையைத் தட்டினால் நாயை அவிட்டுவிடு" என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனாலும் கடன் எடுத்துவிட்டேன். கோபிக்காதே, முழுக்கக் கேள்.

விசுவமடுவில் எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கிற பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கியிருக்கிறார்கள். தங்கள் சேமிப்பிலிருந்தே மாடு, ஆடு, கோழி வாங்கக் கடன் கொடுக்கிறார்கள். வட்டி கொஞ்சம்தான். அதுதான் எனக்கு முதலில் இடித்தது. இந்தக் காலத்தில் கொஞ்ச வட்டிக்கு யார் தருவார்கள்?

தலைவி யார் தெரியுமா? ராணியக்கா. கம்பனிக் கடனுக்கு நீ தவணை கட்டமுடியாமல் நின்ற நாளில், ஒருவருக்கொருவர் பிணைநின்ற குழுப் பெண்களோடு வந்து உன் முற்றத்தில் பொழுது சாயும்வரை குந்தியிருந்தாவே, அதே ராணியக்காதான். நீ உன் செவலைப் பசுவை அவிழ்த்து வியாபாரியிடம் கொடுத்த பிறகுதான் எழும்பிப் போனவா. அதற்குப் பிறகு நீ முற்றம் கூட்டுவதையே விட்டுவிட்டாய். வருத்தம் வந்து படுத்தபோதும், சனம் பார்க்கும் என்று ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தாய்.

பிறகேன் எடுத்தாய் என்று கேட்பாய். நீ கண்மூடின நாளிலிருந்து உன் வீட்டில், உன் மகளோடுதான் இருக்கிறேன். மழை வந்தால் கூலி வேலை நின்றுவிடும், அவளின் பசி நிற்குமா?

மாடு வந்தது. கறுப்பும் வெள்ளையும், நல்ல பால் இனம். உடனேயே காதில் இலக்கம் போட்ட மஞ்சள் வில்லை ஒன்றைக் குத்தினார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "எல்லா மாட்டுக்கும் குத்திறதுதான்" என்றார்கள். குத்தினவனுக்குத்தானே மாடு சொந்தம்? போதாக்குறைக்கு ராணியக்கா தினமும் காலையில் வந்து மடியைப் பார்க்கிறா, சாணத்தைப் பார்க்கிறா, தவிட்டு வாளிக்குள் எட்டிப் பார்க்கிறா. மனசுக்குள் விலை போடுகிறா என்றே நினைத்தேன்.

அதனால் நான் செய்த வேலையைக் கேள். அப்பா பட்டி மாடுகளுக்குக் குறிசுட்ட கம்பியை, சண்டை முடிந்து நாங்கள் திரும்பி வந்து வளவைத் துப்புரவாக்கையில் நீதானே கண்டெடுத்தாய்? காட்டில் மேய்கிற மாட்டுக்குத்தான் குறி. கொட்டிலில் நிற்கிற பால்மாட்டுக்கு எதற்கு? நான் யோசிக்கவில்லை. உதவிக்கு ஒருவரைப் பிடித்து மாட்டின் காலைக் கட்டுவித்து, கம்பியைக் காய்ச்சித் தொடையில் சுட்டுவிட்டேன். இனி எவர் உரிமை கொண்டாடுகிறார் பார்ப்போம் என்று எனக்குப் பெரிய திமிர்.

மாரி காலம். புண் ஆறவில்லை, இலையான் மொய்த்துப் புழு வைத்துவிட்டது. மாடு தீன் எடுக்கவில்லை, பாலும் வற்றியது. ராணியக்காவுக்குத் தெரிந்தால் அவிழ்த்துக்கொண்டு போய்விடுவா என்று பயந்து, புண்ணின்மேல் சாக்கைப் போர்த்தினேன். மாட்டுக்குக் குளிர் என்று பொய்யும் சொன்னேன். என் கையாலேயே என் கண்ணைக் குத்திக்கொண்டேன், அக்கா.

ஒரு காலை அவா புண் மணத்தில் கண்டுபிடித்துவிட்டா. சாக்கைத் தூக்கினா. நான் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"மாட்டைக் கொண்டுபோக விடமாட்டன்!"

"ஆர் கொண்டுபோறது? விசர்க்கதை கதையாதை வதனி. மாட்டு டொக்டருக்குப் போன் எடுக்கிறன், நீ தண்ணியைச் சுடவை."

டொக்டர் வந்து புழுவெடுத்து ஊசி போட்டார். காதிலிருந்த இலக்கத்தைப் பார்த்து மருந்தைப் பதிந்தார். வில்லை அதற்குத்தானாம். பால் திரும்பும்வரை தவணை வேண்டாம் என்று சங்கம் சொன்னது. அதையும் நான் நம்பவில்லை.

"பிறகு வட்டிக்கு வட்டி போடுவியளோ?" என்று கேட்டேன்.

ராணியக்கா சாக்கை மடித்தபடி சொன்னா: "உன்ரை அக்காவின்ரை முத்தத்தில போய் இருந்தனான். எழும்பிப் போயிருந்தா கம்பனிக்காரன் என்ரை முத்தத்துக்கு வந்திருப்பான். அந்தப் பயம். இனி ஒருத்தியின்ரை முத்தத்திலயும் அப்பிடிப் போய் இருக்க ஏலாது பிள்ளை. அதுதான் மாடு விழமுந்தியே வந்து பாக்கிறன்."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. நீ இருந்தால் அவாவை மன்னித்திருப்பாயா? உனக்காக நான் எப்படி மன்னிப்பது?

பால் திரும்பிவிட்டது. காலைப்பால் சேகரிக்கும் இடத்துக்கு, மாலைப்பால் உன் மகளுக்கு. தவணையும் பாலிலிருந்தே போகிறது. ஆனாலும் சந்தேகம் முழுதாய்ப் போகவில்லை. சூடு கண்ட பூனை அல்லவா நான்? ராணியக்காவுக்குப் பிறகு தலைவியாய் யார் வருவார், எப்படி இருப்பார்?

போன கிழமை எனக்கொரு வேலை தந்தார்கள். கடன் எடுத்த வீடுகளுக்குப் போய் நானும் மாடு, ஆடு பார்க்கவேண்டுமாம். புதிதாய் ஆடு வாங்கிய ஒருத்தி, நான் படலையைத் திறந்ததுமே ஓடிப்போய் ஆட்டின் கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். பிறகு முற்றத்தில் ஒரு கதிரை கொண்டுவந்து வைத்து, "இருங்கோ அக்கா" என்றாள்.

நான் கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே ஆட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். எந்தக் கடனுக்காகவும் எவளின் முற்றத்திலும் நான் குந்தமாட்டேன், அக்கா. இது உன்மேல் சத்தியம்.

உன் முற்றத்தை இப்போது கூட்டுகிற,
உன் தங்கச்சி வதனி